ஒரு பக்கம் இழுத்த வண்டி

பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் புதிதாக நிற்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். "கம்பெனி சாமான் கொடுக்கிறதா, லோக்கல் கொடுக்கிறதா? வண்டிக்காரர் நம்ம வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. இன்னா சொல்றது?"

இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றவளுக்குப் பதில் தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரிந்துதான் இருந்தது, ஒரு காலத்தில். ரொம்ப நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "இதைச் சுருக்கிடலாமா அத்தை?" என்று நடுநடுவே கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் எதையும் அவசரமாகச் செய்தவள் இல்லை. அவசரப்பட்ட ஒரே நாளும் இதில் வருகிறது.

இப்போது நீங்கள் விற்பது பிரேக் பேட். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஓடிய டாக்சிகளுக்கு டிரம் பிரேக்தான். டிரம்முக்குள்ளே பிறை மாதிரி வளைந்த ஷூ, அதன் முதுகில் அடித்த லைனிங். முன் சக்கரங்களுக்கு நாலு லைனிங் சேர்ந்தது ஒரு செட். காலால் மிதித்தால் லைனிங் போய் டிரம்மைக் கவ்வும், வண்டி நிற்கும். விஷயம் இவ்வளவுதான். உங்கள் பேட் செய்கிற வேலையும் இதுதான்.

போளூர் ரோட்டில் எங்கள் கடை. வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, "பொம்பள நட்டு போல்ட்டு வித்துப் பிழைக்க முடியுமா? கடையைத் தள்ளிவிட்டுடு" என்று அடி அண்ணாமலையிலிருந்து என் அண்ணன்மார் இரண்டு பேரும் வந்து சொன்னார்கள். சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். மெட்ராஸுக்கு நானே பஸ் ஏறிப் போய்ச் சரக்கு எடுத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். டப்பா மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு லைனிங்கைக் கையில் கொடுத்தால் கம்பெனியா லோக்கலா என்று சொல்லிவிடுவேன் என்பதும் ஊருக்குத் தெரியும். நகத்தால் ஒரு கீறல், விரலால் ஒரு சுண்டு. போதும். டாக்சி ஸ்டாண்டில் பந்தயம் கட்டிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். நான் தோற்றதில்லை.

சில பேர் ஒரு திருட்டு வேலை செய்வார்கள். கம்பெனி செட்டை வாங்கிப் போய், மறுநாள் அதே டப்பாவில் லோக்கலைப் போட்டு, "சைஸ் சேரலக்கா" என்று திருப்பிக் கொடுப்பார்கள். நான் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். அதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கம்பெனி செட் வந்ததும், டப்பாவில் மேலாக இருக்கும் ஒரு லைனிங்கின் முகத்தில் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிடுவேன். பொட்டு இருந்தால் என் கடைக் கம்பெனி சாமான். காய்ந்த குங்குமம்தானே, முதல் மிதியில் உதிர்ந்து போகும். பல வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒரு வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஒரு டின் நெய் காணிக்கை கொடுத்திருந்தேன். தீபம் முடிந்து, கொப்பரையில் எடுத்த தீப மை மார்கழியில் கைக்கு வந்தது. அந்தச் சமயம் பார்த்து மெட்ராஸிலிருந்து கம்பெனி செட் ஆறு வந்து இறங்கியது. இந்தத் தடவை குங்குமம் எதற்கு, மலை மேல் எரிந்த தீபத்தின் மையே வைப்போம் என்று தோன்றியது. மை கட்டியாக இருந்தது, விரலில் ஒட்டவில்லை. ஒரு கரண்டி நெய் விட்டுக் குழைத்தேன். ஆறு செட்டிலும் மேல் லைனிங்கில் நல்ல தாராளமாக ஒரு பொட்டு.

இப்போது உங்களில் சில பேர் தலையில் கை வைத்திருப்பீர்கள். நான் அப்போது வைக்கவில்லை. பெருமையாக இருந்தது.

முதல் செட் காசிமின் டாக்சிக்குப் போனது. இரண்டாவது ஒரு டாக்டர் வண்டிக்கு. மூன்றாவதை வாங்கியவன் ஏழுமலை. சொந்த டாக்சி வைத்து ஓட்டுகிறவன், வாய்த் துடுக்கு, ஆனால் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வான். அவன் லோக்கல் கேட்டுத்தான் வந்தான்.

"லோக்கலே கொடுக்கா. ரெண்டு வருஷமா அதான ஓடுது."

"ரெண்டு வருஷம் தரையில ஓடுச்சு. இப்போ ஜவ்வாது மலைக்கு சவாரி ஜாஸ்தின்னு நீயே சொல்ற. மலை இறங்கறவன் லோக்கலை நம்புவானா?"

"நம்பித்தான இறங்கறேன்."

"இறங்கி வந்துட்டதால பேசற."

சிரித்துவிட்டான். டப்பாவைத் திறந்து காட்டினேன். மைப் பொட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தீப மையா! அப்புறம் பிரேக்கே எதுக்குக்கா, சாமியே புடிச்சி நிறுத்திடும்" என்று சொல்லி எடுத்துப் போனான். ஓடிக்கொண்டிருந்த சாமானை விடச் சொல்லி வேறு சாமானை அவன் கையில் திணித்தது நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் கழித்து காசிம் வந்தான். "அக்கா, பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது."

"மேஸ்திரிகிட்ட போ. சரியா அட்ஜஸ்ட் பண்ணியிருக்க மாட்டாரு" என்றேன். எங்களுக்கு மேஸ்திரி என்றால் மெக்கானிக்.

அட்ஜஸ்ட் செய்தும் இழுத்தது. அடுத்து டாக்டர் வண்டி டிரைவர் வந்தார். அந்த வண்டி வலது பக்கம் இழுத்ததாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமான் மட்டம் என்றால் இரண்டு வண்டியும் ஒரே மாதிரி அல்லவா கெட வேண்டும்? ஒன்று இப்படி, ஒன்று அப்படி இழுத்தால் அது சாமானின் குற்றமா, வண்டியின் குற்றமா, ஓட்டுகிறவன் குற்றமா?

இதற்கு நடுவில், கம்பெனி சாமான் வேண்டாம் என்று என்னிடம் முறைத்துக்கொண்டு லோக்கல் செட் வாங்கிப் போயிருந்த ஒரு டிரைவர், வேண்டுமென்றே கடை வாசலில் வந்து சடக்கென்று பிரேக் போட்டு நிறுத்தினார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. "பார்த்தியாக்கா? உன் கம்பெனியை விட என் லோக்கல் மரியாதை தெரிஞ்சது" என்றார். ஸ்டாண்டே சிரித்தது.

அன்று கடையில் உட்கார்ந்து ஒரு கையில் டப்பாவின் அடியில் இருந்த, பொட்டு இல்லாத கம்பெனி லைனிங், மறு கையில் லோக்கல் லைனிங் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். கீறினேன், சுண்டினேன். இரண்டும் ஒன்று போலவே இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்போதும் குழப்பம்தான். இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்தது நிஜமாகவே தெரிந்ததுதானா, இல்லை தெரியும் என்று நான் சொன்னதை ஊர் நம்பி, ஊர் நம்பியதை நான் நம்பினேனா? டப்பாவை முகர்ந்தும் பார்த்தேன். காலையிலும் மாலையிலும் நெய் விளக்கும் கற்பூரமும் ஏற்றுகிற கடை. என் மூக்குக்கு நெய் வாசனை ஒரு வாசனையாகவே படவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி ஆள் அனுப்பினார். அவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. மேஸ்திரி என்றால் அவர்தான். போனேன். காசிமின் வண்டி ஜாக்கியில் நின்றது. இரண்டு பக்க டிரம்மும் கழற்றியாகிவிட்டது.

"வா, நீயே பாரு" என்றார். "வீல் சிலிண்டர் ஒழுகல. கிரீஸ் வெளிய வரல. மூணு லைனிங் நல்லா இருக்குது. வலது சக்கரத்துல இந்த ஒண்ணு மட்டும் பளபளன்னு கண்ணாடி மாதிரி கிடக்குது. அந்தப் பக்கம் வழுக்கினா, வண்டி இந்தப் பக்கம்தான இழுக்கும்?" லைனிங்கை மூக்கருகே கொண்டு போனார். "இன்னாமா இது, நெய்ப் பொங்கல் வாசனை வருது?"

"மேஸ்திரி இன்னும் நாஸ்டா துன்னல" என்றான் காசிம்.

"போடா. இது கம்பெனி சாமானே இல்லம்மா. மெட்ராஸ்ல உன் தலையில டூப்ளிகேட்டைக் கட்டிட்டான்."

லைனிங்கை வாங்கி முகர்ந்தேன். என் கடைக்கு வெளியே, பெட்ரோலும் கிரீஸும் நாறுகிற இடத்தில், அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. சூட்டில் உருகி லைனிங் முழுக்க ஊறிப் போன நெய். நான் குழைத்த நெய். பொட்டு வைத்த லைனிங் எந்தச் சக்கரத்துக்குப் போனதோ அந்தச் சக்கரம் வழுக்கியிருக்கிறது. அதனால்தான் ஒரு வண்டி இப்படி, ஒரு வண்டி அப்படி.

அந்த நிமிஷம் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் அதன் வழியாகப் போனேன். "ஆமாம் மேஸ்திரி, ஏமாத்திட்டான் போலக்குது" என்றேன். ஏமாந்தேன் என்று சொல்வதுகூட எனக்கு அவமானம்தான். ஆனாலும் இதைவிட அது கம்மி.

காசிம் சொன்னான்: "அப்போ ஏழுமலைக்கும் சொல்லணும்க்கா. அவனும் இதே செட்டுதான் மாட்டியிருக்கான். இன்னிக்கு மலைக்குப் போறான். வேங்கிக்கால்லேர்ந்து ஒரு வாத்தியாரு, மலை மேல இஸ்கூலுக்கு மாத்திட்டாங்களாம். பொண்டாட்டி, கைக்குழந்தை, பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் ஏத்திக்கினு."

போளூர் தாண்டி அந்த மலைப் பாதையில் ஏறியிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஏறும்போது பிரேக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே கிடையாது. நடுநடுவே இறக்கமும் வரும். அங்கே மிதித்து வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது பாறைப் பக்கமா மற்றப் பக்கமா என்று யார் சொல்வது?

கடைக்கு ஓடி, கைக்கு வந்த ஒரு லோக்கல் செட்டை எடுத்துப் பையில் போட்டேன். கம்பெனி செட் மூன்று மிச்சம் இருந்தது. மூன்றிலும் மை. மேஸ்திரி மோட்டார் சைக்கிளை உதைத்தார். "பஸ்ஸுக்கு நின்னா ஆவாது. ஏறும்மா." தாலி அறுத்தவள், இன்னொருத்தர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போளூர் ரோட்டில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று நான் அன்று யோசிக்கவில்லை. ஊர் யோசித்தது. அது வேறு கதை.

வேங்கிக்காலில் விசாரித்தோம். சாமான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போய்விட்டான் என்றார்கள். வழி முழுக்க, மேஸ்திரியிடம் சொல்ல வேண்டிய ஒன்றை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மலை ஏறுகிற எந்த டிரைவரும் அடிவாரத்துப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டாமல் ஏற மாட்டான். அந்த வழக்கம்தான் காப்பாற்றியது. ஏழுமலை வண்டி முன்னால் நின்று தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பின் சீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை எடுக்காத ஏழுமலை" என்றேன். "உனக்குக் கொடுத்த செட்டு டூப்ளிகேட்டாம்."

அவன் மேஸ்திரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். "இன்னாக்கா வெளையாடற? நீ சுண்டிப் பார்த்து, மை வச்சிக் கொடுத்த சாமான். டூப்ளிகேட்டா இருக்குமா? மெட்ராஸ்காரன் ஊரையே ஏமாத்துவான், உன்னை ஏமாத்த முடியுமா? யாரோ கடைக்காரன் கிளப்பி விட்டிருப்பான். நீ போக்கா, எனக்கு நேரமாவுது." தேங்காயை ஓங்கினான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்ன பொய்யை அவன் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் என் பேர். என் கைக்குத் தப்பு வராது என்று அவ்வளவு வருஷம் நானே சொல்லி வளர்த்த பேர், இப்போது அந்தக் குழந்தைக்கும் மலைக்கும் நடுவில் வழி மறித்துக்கொண்டு நின்றது. அந்தப் பேரை உடைக்காமல் இந்த வண்டியை நிறுத்த முடியாது.

"டூப்ளிகேட் இல்லடா" என்றேன். "கம்பெனி சாமான்தான். கெடுத்தது நான். மையை நெய்யில குழைச்சி லைனிங் மேல வச்சேன். காசிம் வண்டியில அது உருகி ஊறிக் கிடக்குது. என் கண்ணால பார்த்துட்டு வரேன்."

மேஸ்திரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாமி மை வழுக்குமாக்கா?" ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேச்சு பேசற?"

"மை சாமியோடது. அதுல விட்ட நெய் என்னோடது."

ஓங்கிய கையை இறக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு நாளா இழுக்குதுக்கா. ஸ்டீரிங்கை எதிர்ப் பக்கம் தாங்கித்தான் மிதிக்கிறேன். சாமான் கம்பெனி, கொடுத்தது நீ. அதனால என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சிக்கினேன்."

பிள்ளைகளே, இந்த வார்த்தைதான் இத்தனை வருஷமாக என் காதில் இருக்கிறது. சாமானுக்கு ஒரு பெரிய பேர் வைத்து விற்றுவிட்டால், அது கெட்டால் வாங்கியவன் சாமானைச் சந்தேகப்பட மாட்டான். தன்னையே சந்தேகப்படுவான்.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. வண்டி மலைக்குப் போகுமா, போகாதா?"

"அவங்களை, பாத்திரம் பண்டத்தை எல்லாம் இறக்கு" என்றேன். முன் சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன். "நேர் ரோட்டுல வேகமா போயி, ஸ்டீரிங்கை லேசாப் புடிச்சிக்கினு மிதி."

"வேணாம்க்கா."

"நான் வச்ச மைதான. மிதி."

மிதித்தான். வண்டி நிற்பதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போனது. கடைசியில் அவன் இரண்டு கையாலும் ஒடித்து இழுத்தான். நின்றபோது மரத்துப் பட்டையின் வெடிப்புகளை என்னால் எண்ண முடிந்தது. திரும்பிப் பார்த்தால், வாத்தியார் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பாத்திரங்களை வண்டி நின்றிருந்த இடத்திலிருந்து கோயில் நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத்தான் குழப்பம் இல்லை.

பையிலிருந்து லோக்கல் செட்டை எடுத்தேன். "மேஸ்திரி, இங்கியே மாட்டிடலாமா?" ஏழுமலையும் தலையாட்டினான்.

மேஸ்திரி அப்போதுதான் வாயைத் திறந்தார். "லைனிங் குடிச்ச நெய் துடைச்சாலும் போவாது. அது வேணாம். புது லைனிங் டிரம்மோட சேர்ந்து உக்கார நாலு நாள் தரையில ஓடணும். உக்காராத லைனிங்கோட மலை இறங்கறதா? இதுவும் வேணாம்."

"அப்போ எது மேஸ்திரி?"

"பஸ்ஸு" என்றார்.

கம்பெனியா லோக்கலா என்று இரண்டையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால், மூன்றாவதாக ஒரு பதில் இருப்பது கண்ணில் படாது. இன்றைக்கு இந்த வண்டி போகக் கூடாது என்பதும் ஒரு பதில். கவுண்டரில் நிற்கிறவர் அதைச் சொன்னால் வண்டிக்காரர் திட்டுவார். திட்டட்டும். மலை பஸ் வந்ததும் பாத்திரம் பண்டத்தை ஏற்றி, வாத்தியார் குடும்பத்தை உட்கார வைத்து அனுப்பினோம்.

திரும்பும்போது மேஸ்திரி கேட்டார். "காலையில டூப்ளிகேட்டுன்னு நான் சொன்னப்போ ஆமாம்னு சொன்னியேம்மா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"தப்பை இன்னொருத்தன் தலையில போட்டுட்டா எவ்வளவு லேசா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா மேஸ்திரி?" என்றேன். அவர் ஒன்று மட்டும் சொன்னார்: "அந்த மெட்ராஸ்காரனைத் திட்டிக் கடுதாசி போடலாம்னு இருந்தேன்."

அன்று சாயந்திரமே ஸ்டாண்டில் போய் நின்று எல்லா டிரைவர்களிடமும் சொன்னேன். டாக்டர் வண்டிக்கும் மேஸ்திரியை அனுப்பினேன். லோக்கல் வாங்கிய அந்த டிரைவர் இன்னும் ஒரு மாசத்துக்கு, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, பொங்கல் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கேட்கட்டும்.

எது நல்லது என்று கேட்டீர்களே. அந்தக் கம்பெனி செட் நெய் படாமல் இருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த லோக்கல் செட் போட்ட வண்டி எப்படி அவ்வளவு நேராக நின்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதே லோக்கல் மலையில் சூடேறினால் நின்றிருக்குமா என்பதும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஏழுமலை கடைக்கு வந்தான். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த கம்பெனி செட் ஒன்று, லோக்கல் ஒன்று, இரண்டையும் திறந்து அவன் முன்னால் வைத்தேன். இரண்டிலும் பொட்டு இல்லை.

"எதைக்கா எடுக்கட்டும்?"

"தெரியலடா. நீ போற ரோடு எனக்குத் தெரியாது, உன் காலுதான் மிதிக்குது. எதை எடுத்தாலும் நாலு நாள் தரையில ஓட்டு. எந்தப் பக்கம் இழுத்தாலும் உன் கைன்னு நினைக்காம உடனே இங்க வந்து சொல்லு."

ரொம்ப நேரம் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் கம்பெனி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை. சாமி படத்தின் கீழே இருந்த மைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"லைனிங்குக்கு வேணாம்க்கா" என்று சொல்லித் தலையைக் குனிந்தான். "மிதிக்கிறவனுக்கு வை."

நெற்றியில் வைத்தேன். பிறகு பின்னால் போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்துதான் அந்த டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.